விழுந்ததைக் கொடுத்தவள்

திருவொற்றியூர்க் குப்பத்துக்குப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கடற்கரைச் சாலையில் காரை நிறுத்தி இறங்குவார்கள். மீன் கூடை, சுருக்கம் விழுந்த கை, எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கி, மூக்கு ஒழுகும் பிள்ளை என்று வரிசையாக எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அத்தனை படத்திலிருந்தும் நிறத்தைப் பிடுங்கிவிடுவார்கள். வடசென்னை என்றால் சாம்பல் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ தெரியவில்லை.

மீன் விற்கும் குப்பம்மாவை ஒருவர் அப்படி எடுத்துக்கொண்டு போய், ஏதோ கண்காட்சியில் வைத்துப் பரிசும் வாங்கினார். யாரோ அதைப் போனில் கொண்டுவந்து காட்டினார்கள். குப்பம்மா படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் கட்டிகினு இருந்தது மயில் கழுத்து கலர் பொடவ. தீவாளிக்கு எடுத்தது. அத்த ஏன் இப்படி சாம்பலாக்கி வச்சிகீறான்?"

காட்டியவர் சிரித்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மகள் ஜெயஸ்ரீக்கு மட்டும் சுருக்கென்று தைத்தது. ஒருத்தியைக் கேட்காமல் எடுத்து, அவள் புடவையின் சாயத்தையும் உரித்து, அதற்குப் பரிசு வேறா என்று அன்றைக்கு வந்த கோபம் அவளுக்கு இன்னும் முழுதாக இறங்கவில்லை. அந்தக் கோபம்தான் அவளைக் கேமரா பிடிக்க வைத்தது என்றுகூடச் சொல்லலாம். பிறகு அதே கேமராவால் அவள் தன் தோழனுக்கு என்ன செய்தாள் என்பது வேறு கதை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஜெயஸ்ரீ தேரடிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடுக்கிறவள். ஆரம்பத்தில் லைட் பிடித்தாள். முதல்முதலாகக் கேமராவைக் கையில் கொடுத்த கல்யாணத்தில், கெட்டிமேளம் முழங்குகிற நேரம் பார்த்து மாப்பிள்ளையின் சித்தப்பா லென்ஸுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு அட்சதை போட்டார். அந்த முதுகு விலகியபோது மூன்று முடிச்சும் விழுந்திருந்தது. என்ன செய்வது? கூட்டம் கலைந்த பிறகு, கட்டின தாலியையே மாப்பிள்ளையைப் பிடிக்கச் சொல்லி, கட்டுகிற மாதிரி காட்டச் சொல்லி எடுத்தார்கள். "எடிட்ல பாத்துக்கலாம்" என்றார்கள். பெண்ணின் அம்மா ஜெயஸ்ரீயைப் பார்த்த பார்வை இருக்கிறதே, திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அன்றிலிருந்து முகூர்த்த நேரத்தில் யார் முதுகு வந்தாலும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விடுவாள். எடிட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சை மட்டும் அவள் நம்புவதே இல்லை.

முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் அவள் எடுத்தது உதயாவை.

உதயா அடுத்த சந்து. சின்ன வயதிலிருந்து ஒன்றாகக் கடற்கரையில் புரண்டவர்கள். அவன் அப்பாவுக்குப் படகு இருக்கிறது. இவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி அறுக்கிற வேலை. சக்கரம் சிறியதாக, சீட் தாழ்வாக, பிரேக்கே இல்லாமல் ஒரு சைக்கிள் வைத்திருக்கிறான். பி.எம்.எக்ஸ். என்பார்கள். கடைக்குப் போய்வரும் வண்டி இல்லை அது. பறக்க, சுழல, விழ. அச்சின் இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாயை மார்க்கெட்டில் கிடைத்த துண்டிலிருந்து அவனே அறுத்துப் பொருத்தினான். ராயபுரத்திலிருந்தும் மாத்தூரிலிருந்தும் அவனைப் போல நாலைந்து கிறுக்குகள் ஞாயிற்றுக்கிழமை வந்து சேருவார்கள்.

அந்தக் கிறுக்குகளுக்குள் ஒரு முறை உண்டு. கல்யாணத்தில் தாலி எப்படியோ, அப்படி அதற்கு மதிப்பு. சைக்கிளில் ஓடிவருவது, பறப்பது, இறங்குவது, இறங்கிய பிறகு சாயாமல் சக்கரத்திலேயே உருண்டு போவது எல்லாம் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாகக் கேமராவில் இருக்க வேண்டும். நடுவில் வெட்டு விழுந்தால் செல்லாது. இறங்கும்போது கால் தரையில் பட்டாலும் செல்லாது. அப்படிச் சுத்தமாக இறங்கியதை உடனே எடுத்து ஊருக்குக் காட்டிவிடவும் மாட்டார்கள். மாதக்கணக்கில் சேர்த்து, பாட்டுப் போட்டு, ஒரு முழு எடிட்டாகத்தான் வெளியே விடுவார்கள். அதுவரை பெட்டியில் பூட்டிவைத்த நகை மாதிரி. விழுந்ததற்கு மட்டும் எந்தப் பூட்டும் கிடையாது. விழுந்ததைச் சிரிப்பதற்காக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். விழுந்தது யாருக்கு வேண்டும்? கடலில் கொட்டினாலும் கேட்பாரில்லை.

குப்பத்துக்கு வடக்கே கருவாடு காயவைக்கக் கட்டிய சிமெண்டுத் தளம் ஒன்று இருக்கிறது. கடல் ஏறி ஏறி அதன் நடுவைத் தின்றுவிட்டது. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் சரிவாகப் பாதி, நடுவில் பாறையும் அலையும். அந்த இடைவெளியின் மேல் சைக்கிளோடு முழு வட்டம் சுழன்று அந்தப் பக்கச் சரிவில் இறங்க வேண்டும் என்று உதயாவுக்கு ஆசை. விழுந்தான். திரும்பத் திரும்ப விழுந்தான். ஒருமுறை முகம் சிராய்த்து, காறை எலும்பு முறிந்து, குப்பம்மாதான் மீன் கூடையைப் போட்டது போட்டபடி ஆட்டோவில் அவனை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு ஓடினாள். எலும்பு கூடியதும் மறுபடி வந்து நின்றான். ஒரு ஞாயிறு காலை இறங்கினான். சுத்தமாக, காலே படாமல், சக்கரத்திலேயே உருண்டு போய் மணலில் நின்றான். ஜெயஸ்ரீயின் கேமராவில் அது வெட்டில்லாமல் இருந்தது. பின்னால் அந்நேரம் பார்த்துக் குப்பம்மா கூடையோடு நடந்துபோனதும், அவளுடைய அந்த மயில் கழுத்துப் புடவையும்கூட அதில் இருந்தன. உதயா அன்றைக்குச் சிரித்த சிரிப்பை ஜெயஸ்ரீ வேறு எந்த நாளிலும் பார்த்ததில்லை. எடிட் வரும்வரை ஒருத்தர் கண்ணிலும் காட்டக் கூடாது என்று அவனே சத்தியம் வாங்கினான்.

இந்த நேரத்தில்தான் ஷிபின் வந்தார்.

குளிர்பானக் கம்பெனி ஒன்றுக்கு விளம்பரப் படம் எடுக்கிறவர். ஜெயஸ்ரீ தன் இணையப் பக்கத்தில் போட்டிருந்த சிமெண்டுத் தளத்துப் படங்களைப் பார்த்துவிட்டுப் பேசினார். சிஸ்டர் சிஸ்டர் என்று அவ்வளவு மரியாதை. கம்பெனிக்காகச் சைக்கிள் ஓட்டும் அர்ஜுன் என்பவரை அழைத்துவந்து அந்தத் தளத்தில் படம் எடுக்க வேண்டுமாம்; இடம் தெரிந்த ஜெயஸ்ரீயே இரண்டாவது கேமராவாக இருக்க வேண்டுமாம். எங்கள் ஆள் ஒருவன் ஏற்கெனவே அங்கே இறங்கியிருக்கிறான் என்று அவள் முதல் பேச்சிலேயே சொன்னாள். சூப்பர் சிஸ்டர் என்றார். அந்த சூப்பர் அவர் காதிலிருந்து மூளைக்குப் போன மாதிரி தெரியவில்லை.

படப்பிடிப்பு அன்று அர்ஜுன் பல தடவை முயன்றான். நல்ல ஓட்டுக்காரன்தான், அதில் பழுது சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சரிவு பழகினவனுக்குத்தான் பிடி கொடுக்கும். கடைசியாக ஒருமுறை சுழன்று இறங்கினான். இறங்கிய வேகத்தில் பெடல் வழுக்கி வலது கால் தரையில் தேய்ந்தது. கூட வந்தவர்கள் கைதட்டிவிட்டார்கள். மறுபடி எடுப்பார்கள் என்று ஜெயஸ்ரீ காத்திருந்தாள். ஷிபின் லைட்டுக் குடையை மடக்கச் சொன்னார். எடிட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபோதே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

போகும்போது ஷிபின் கேட்டார், உள்ளூர்ப் பையன்கள் ஓட்டின காட்சி எதுவும் இருந்தால் கொடுங்கள், இந்த ஊரையும் காட்டலாம் என்று. ஜெயஸ்ரீக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உதயா இறங்கியதைக் கொடுக்க முடியாது. அது பெட்டியில் இருக்கும் நகை. ஆகவே அவன் விழுந்ததைக் கொடுத்தாள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அலை நுரையும் சக்கரமும் அவன் முகமுமாக அழகான காட்சி அது. விழுந்ததுதானே, அதில் என்ன இருக்கிறது என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. சொந்தக் கைவிரலால் சொந்தக் கண்ணையே குத்திக்கொண்டாள்.

வீடியோ வந்தது. முதலில் புகைபோக்கி, பிறகு குப்பை மேடு, அறுத்துப்போட்ட மீன் தலை. எல்லாமே பழுப்பும் சாம்பலும். அப்புறம் உதயா விழுகிறான். மெதுவாக, மெதுவாக, முகம் சிமெண்டில் உரச, ரத்தம் வர. திரை இருண்டு எழுத்து வருகிறது: பயம் விழவைக்கும் இடம். உடனே பாட்டு எகிற, அர்ஜுன் பறக்கிறான். சக்கரம் தரையைத் தொடப்போகும் நேரத்தில் ஒரு வெட்டு. அடுத்த காட்சியில் அவன் மணலில் சைக்கிளில் உருண்டு போகிறான். எழுத்து: முதலில் வென்றவன். கடைசியில் பொடி எழுத்தில், நன்றி, வடசென்னை மக்கள்.

அர்ஜுன் கால் தேய்ந்த இடத்தில் விழுந்த அந்த வெட்டை ஜெயஸ்ரீ திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். தாலி கட்டினதைக் காட்டாமலே கல்யாணம் முடிந்தது என்கிறார்களே, இவர்களைக் கேட்க நாதி இல்லையா? எலும்பை உடைத்துக்கொண்டவன் ஒருவன், மாலை இன்னொருவனுக்கா? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவனாவது பிள்ளையாருக்கென்று உடைத்தான். இவர்கள் உடைத்ததோ தங்கள் கம்பெனிக்கு.

குப்பம் முழுக்க அந்த வீடியோ போன் போனாகப் போயிற்று. சாத்தாங்காட்டில் கூட வேலை செய்கிறவர்கள் உதயாவைக் கண்டதும் கையைச் சக்கரம் போலச் சுழற்றிக் கீழே போட்டுக் காட்டினார்கள். முதலாளி வேறு, பேரைச் சொல்லிக் கூப்பிடாமல் "இன்னாபா வுழுந்தவனே" என்று கூப்பிட ஆரம்பித்தார். உதயா கம்பெனிமேல் கோபப்படவில்லை. நேராக ஜெயஸ்ரீ வீட்டுக்கு வந்தான்.

"நீதான குடுத்த?"

ஆமாம் என்றாள்.

"ஏறங்குனது?"

"எடிட்டுக்கு வச்சிகினு கீறேன். நீதான யார்ட்டயும் காட்டாதன்ன."

"அப்ப வுழுந்தத மட்டும் ஏன் காட்டுன? அது யாருது, உன்னுதா?"

 மயில் கழுத்துப் புடவையைச் சாம்பலாக்கியவரை அத்தனை நாள் திட்டியவள், அதே வேலையைத் தானும்தான் செய்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது. உதயா போய்விட்டான். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அவன் தளத்துக்கு வரவில்லை.

ஷிபினைக் கூப்பிட்டாள். அவர் கோபமே படவில்லை, அதுதான் கொடுமை. நன்றி போட்டிருக்கிறோமே சிஸ்டர் என்றார். மக்கள் என்றால் யார், உதயாவுக்குப் பெயர் கிடையாதா என்று கேட்டாள். உங்களிடம் இறங்கியது இருந்தால் நீங்களும் போடுங்கள், இரண்டு பேருக்கும் நல்லதுதானே என்றார். போட்டாள். வேறு வழியில்லாமல், சத்தியத்தை மீறி, உதயாவுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு, வெட்டில்லாத அந்த முழு ஓட்டத்தையும் போட்டாள். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கீழே வந்த கருத்துகளை ஒன்றுவிடாமல் படித்தாள். அர்ஜுன் ப்ரோவைப் பார்த்துக் காப்பி என்றான் ஒருவன். ஏஐ வீடியோ என்றான் இன்னொருவன். பின்னால் போகும் அம்மாவின் புடவை அவ்வளவு பளிச்சென்று இருப்பதே போலி என்பதற்கு அடையாளமாம்! குப்பத்துக்காரி பளிச்சென்று புடவை கட்டக் கூடாதா? இவர்கள் எடுத்த சாம்பல்தான் நிஜமா?

வீடியோ நன்றாக ஓடிய மகிழ்ச்சியில் கம்பெனி ஒரு ஞாயிறு காலை அதே தளத்தில் விழா வைத்தது. பேனர், பந்தல், எல்லாருக்கும் இலவசமாகக் குளிர்பானம். குப்பமே திரண்டது; இலவசம் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? அர்ஜுன் சமதளத்தில் சின்னச் சின்ன வித்தை காட்டினான். அதே மாதிரி தாண்டிக் காட்டச் சொல்லிக் கூட்டம் கத்தியது. காற்று சரியில்லை என்று ஷிபின் கையை ஆட்டினார். உதயா வருவான் என்று ஜெயஸ்ரீ நினைக்கவில்லை. ஆனால் கூட்டத்தின் ஓரத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மாத்தூர்ப் பையன் ஒருவன் அவனைத் தாண்டச் சொல்லி உசுப்பினான்.

"ஒரு தபா செஞ்சிட்டேன். இவுங்க கூப்ட்டப்பல்லாம் செஞ்சி காட்ட நான் இன்னா கொரங்கா?" என்றான் உதயா.

அவன் சொன்னது ஜெயஸ்ரீ காதிலும் விழுந்தது. அர்ஜுன் கால் தேய்த்தது இன்னும் அவள் கேமராவில் இருந்தது. ஷிபினுக்குக் கொடுத்தது பிரதிதான். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அர்ஜுன் மானம் கப்பலேறிவிடும். ராயபுரத்துப் பையன்கள் அவளிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போடு, கிழி, நாறடி. ஆசை இல்லாமல் இல்லை அவளுக்கு. ஆனால் உதயா கேட்ட கேள்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. விழுந்தது விழுந்தவனுடையது.

தொகுப்பாளர் மைக்கோடு கூட்டத்துக்குள் வந்தார். அர்ஜுனிடம் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார். ஜெயஸ்ரீ கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.  எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"அர்ஜுன், அன்னிக்கு நீங்க ஏறங்குனப்ப கால் தரையில பட்டுச்சி. அது என் கேமராவுல கீது. ஒருத்தர் வுழுந்தத அவரக் கேக்காம வெளிய வுடக் கூடாதுன்னு எனக்கு இப்பதான் புரிஞ்சிது. என் தோஸ்து வுழுந்தத நான் கேக்காம குடுத்தேன், நீங்க கேக்காம போட்டீங்க. அதான் உங்களக் கேக்குறேன். போடலாமா?"

ஷிபின் மைக்கை வாங்க வேகமாக வந்தார். கேட்டதே போட்டதற்குச் சமம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஜெயஸ்ரீக்கு மட்டும் அது தெரியாதா என்ன? ஆனாலும் கேட்டாள்தானே, உதயாவை யாராவது கேட்டார்களா?

அர்ஜுன் முதலில் ஷிபினைப் பார்த்தான். பிறகு ஓரத்தில் சைக்கிளோடு நின்ற உதயாவைப் பார்த்தான். முகம் தெரிந்திருக்கும், அந்த முகம் சிமெண்டில் உரசியதை லட்சம் பேரோடு சேர்ந்து அவனும் பார்த்தவன். அர்ஜுன் கையிலும் ஒரு மைக் இருந்தது.

"வேண்டாம்," என்றான். "போடாதீங்க. அவர்தான் முதல்ல இறங்கினாரு."

"சரி. போட மாட்டேன்," என்று சொல்லி ஜெயஸ்ரீ மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கூட்டம் சட்டென்று கத்தவில்லை. என்ன நடந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். குப்பம்மாதான் கையிலிருந்த குளிர்பானத்தைப் பந்தல் மேசைமேல் திருப்பி வைத்தாள். தொகுப்பாளரைப் பார்த்துச் சொன்னாள்.

"மீன வெல கேக்காம தொட்டாலே நாங்க கைய தட்டி வுடுவோம் நைனா. மனுசன் மூஞ்ச எட்த்துகினு போறீங்க, ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?"

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பாட்டிலைத் திருப்பி வைத்தார்கள். பாதி குடித்தவர்கள்கூட வைத்தார்கள். சாத்தாங்காட்டு முதலாளியும் அங்கே இருந்தார். அவர் மட்டும் முழுதாகக் குடித்துவிட்டுக் காலிப் பாட்டிலை வைத்தார். பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். பேனரை அவிழ்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஜெயஸ்ரீ உதயாவிடம் போனாள். அவன் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"உன்னையும் கேக்கணும்," என்றாள். "நீ வுழுந்தத இன்னா பண்ணட்டும்? சொல்லு, அழிச்சிட்றேன்."

 அவன் காறை எலும்பு கூடிய இடத்தை ஒருமுறை தடவிக்கொண்டான்.

"அழிக்காத. எல்லாத்தையும் போடு, எத்தினி தபா வுழுந்தனோ அத்தினியும். ஆனா அப்பால நான் ஏறங்குனதுதான் வரணும். வேற எவனும் வரக் கூடாது."

கம்பெனி தன் வீடியோவை நீக்கவில்லை. முதலில் வென்றவன் என்ற எழுத்து இன்றைக்கும் அதில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்டால் மேலிடத்தில் பேசுகிறோம் என்கிறார் ஷிபின். ஜெயஸ்ரீயின் எடிட்டைப் பார்த்தவர்கள் கம்பெனி வீடியோவைப் பார்த்தவர்களில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்க மாட்டார்கள். அவள் எடிட்டில் உதயா விழுகிறான், எழுகிறான், மறுபடி விழுகிறான், கட்டுப்போட்ட தோளோடு வந்து தளத்தைப் பார்த்துவிட்டுப் போகிறான், மறுபடி விழுகிறான். பிறகு இறங்குகிறான், நடுவில் வெட்டே இல்லாமல்.

வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்த குப்பம்மா, உதயா இறங்கிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். பின்னால் கூடையோடு போகிற தன்னைக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இப்பதான் என் பொடவ கலரு சரியா கீது," என்றாள்.